பழம் காக்குமா, பிரேக் காக்குமா?

ஆண்டுக்கொரு முறை, புரட்டாசியிலோ ஐப்பசியின் தொடக்கத்திலோ, நாட்டிலுள்ள லாரிகளெல்லாம் குளிக்கின்றன. குளித்து, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, வாழைக்கன்றை இரு தோளிலும் தாங்கி, முகப்புக் கண்ணாடியின் பாதியை மறைக்கும் மாலையோடு மணமகன் போல் நிற்கின்றன. முன் சக்கரங்களின் அடியில் எலுமிச்சம் பழம் வைக்கப்படுகிறது. கற்பூரம் எரிகிறது. பூசணி உடைகிறது. வண்டி நகர்கிறது, பழம் நசுங்குகிறது, “இனி ஓராண்டுக்குக் கவலையில்லை” என்று முதலாளி மூச்சு விடுகிறார். அந்தச் சக்கரத்தின் உள்ளே, எவர் கண்ணுக்கும் படாத இருட்டில், தேய்ந்து தகடாகிப் போன பிரேக் லைனிங் ஒன்று இருக்கிறதே, அதற்குச் சந்தனம் இட்டவர் உண்டா? அதைக் கழற்றிப் பார்த்தவராவது உண்டா?

இப்படிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. “உழைப்பாளி தன் கருவியை ஆண்டுக்கு ஒரு நாள் துடைத்து வணங்குகிறான். அவன் மனத்துக்கு ஓர் ஆறுதல். அதையும் பறிக்க வந்துவிட்டீர்களோ?” என்கின்றனர். கருவியைத் துடைப்பதை நாம் பறிக்கவில்லை. கருவியைத் துடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் போதாது, அன்றாடம் துடைக்க வேண்டும் என்பதே நம் கட்சி. துடைத்த கையோடு அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும் என்கிறோம். ஆறுதல் என்ற பெயரில் அங்கே நடப்பது ஒரு மாற்று வேலை. செய்யவேண்டிய சோதனைக்குப் பதிலாகச் செய்யத்தகாத சடங்கு வந்து அமர்கிறது. லைனிங் மாற்றப் பணம் வேண்டும், ஒரு நாள் வண்டி நிற்க வேண்டும். பழம் வாங்கச் சில்லறை போதும், அரை மணியில் வண்டி கிளம்பும். எந்த முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று அறிய ஜோதிடமா பார்க்க வேண்டும்?

2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று ஒன்றிய அரசின் அறிக்கையே கூறுகிறது. நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல். மோதிய வண்டிகளில் மிளகாயும் எலுமிச்சையும் தொங்காத வண்டிகள் எத்தனை? கோயில் வாசலில் நிறுத்திச் சாவியை அர்ச்சகர் தட்டில் வைத்து வாங்காத வண்டிகள் எத்தனை? அந்தக் கணக்கை எடுக்க மட்டும் இந்த நாட்டில் ஆளில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. திருஷ்டி கழிக்க நடுச்சாலையில் உடைத்த பூசணிக்காயில் சறுக்கி, இரு சக்கர வண்டியில் வந்தவன் விழுகிறான். “சாலையில் உடைக்காதீர்” என்று காவல்துறை ஒவ்வோர் ஆண்டும் வேண்டிக்கொள்கிறது. நம் வண்டிக்கு விபத்து வரக்கூடாது என்று செய்த சடங்கு, அடுத்தவன் வண்டிக்கு விபத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பரிகாரம் என்றால் இதுவன்றோ பரிகாரம்!

இனி, பிரேக் என்பது என்ன என்று பார்ப்போம். இளைஞர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். புராணக் கதைகளைக் காட்டிலும் சுவையான கதை இது; உண்மையுமாகும்.

1889 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள். அயர்லாந்தில் ஆர்மா என்னும் நகர். ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தைகளுக்கு வேதம் ஓதும் பள்ளி ஒன்று, பிள்ளைகளையும் பெற்றோரையும் வாரன்பாயின்ட் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றது. பெட்டிகள் நிரம்பி வழிந்தன. சீட்டில்லாமல் எவரும் ஏறிவிடக்கூடாதென்று கதவுகள் பூட்டப்பட்டன. ஊருக்கு வெளியே ஏற்றம். இழுக்கமாட்டாமல் எஞ்சின் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பின்பகுதிக்குத் திரும்பி வரலாம் என்று முடிவு செய்தனர். அந்த ரயிலில் இருந்தது எளிய வகை வெற்றிட பிரேக். எஞ்சின் உறிஞ்சினால்தான் அது பிடிக்கும். குழாயைக் கழற்றிய மறுகணம் பின்பெட்டிகள் அனைத்துக்கும் பிரேக் செத்துப்போகும். கழற்றினார்கள். பத்துப் பெட்டிகளை அந்தச் சரிவில் பிடித்து நிறுத்தியவை இரண்டே: கார்டு பெட்டியின் கைப்பிரேக் ஒன்று; சக்கரங்களின் அடியில் வைத்த கற்கள்.

ஆம், சக்கரத்தின் அடியில் கல்! முன்பகுதி கிளம்பும்போது சற்றே பின்னுக்கு நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டு, கீழிருந்து வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தனர்; பலர் பிள்ளைகள். அவர்களைக் காட்டிலும் பக்தி மிகுந்த கூட்டம் அன்று அந்த நாட்டில் ரயிலேறியிருக்காது. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளை எண்ணினால் நமக்கும் நெஞ்சு பதறுகிறது. பக்திக்கும் சரிவுக்கும் தொடர்பில்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி இனித்தான் வருகிறது. அந்தச் சாவைத் தடுக்கும் பிரேக் அதற்கு 17 ஆண்டுகள் முன்பே உலகில் இருந்தது! அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869 இல் முதலில் ஒரு காற்று பிரேக்கைச் செய்தார். அதில் காற்றைச் செலுத்தினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிடிக்காது. அந்தக் குறையை அவரே கண்டார். 1872 இல் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். காற்று போனால், குழாய் அறுந்தால், பெட்டி பிரிந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்து வைத்த காற்று தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். கெடும்போதே காப்பாற்றும் பொறி! இப்படித் தானே பிடிக்கும் பிரேக்கைப் பொருத்துங்கள் என்று பிரிட்டிஷ் அரசின் ரயில்வே ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தனர். கம்பெனிகள் செலவைக் காட்டித் தட்டிக் கழித்தன. கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆர்மாவில் பிணங்கள் அடுக்கப்பட்ட பின்னரே, அதே ஆண்டில், பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கு பிரேக்கைக் கட்டாயமாக்கும் சட்டம் பிறந்தது.

இன்று நம் சாலையில் ஓடும் காற்று பிரேக் லாரியிலும் அதே அறிவு வேலை செய்கிறது. பின் அச்சில் உள்ள பிரேக் அறையினுள்ளே வலிமையான ஸ்பிரிங் ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது. அழுத்தப்பட்ட காற்றுதான் அதைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்திருக்கிறது. காற்று கசிந்து அழுத்தம் மிகவும் தாழ்ந்தால், ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். அதற்கு முன்பே ஓட்டுநருக்கு எச்சரிக்கை ஒலி கேட்கும். இந்த அமைப்பை வரைந்த பொறியாளரின் மனத்தை எண்ணிப்பாருங்கள். “என் பொறி கெடாது” என்று அவர் இறுமாக்கவில்லை. குழாய் வெடிக்கும், வால்வு சிக்கும், ஓட்டுநர் களைத்துப்போவார், கிளீனர் மறந்துபோவார் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, அப்படி நேர்ந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பொறிக்குக் கற்றுக்கொடுத்தார். மந்திரம் ஓதுபவரோ, “ஒன்றும் நேராது, போய் வா” என்கிறார். நேர்ந்துவிட்டால், “உன் கர்மபலன்” என்கிறார். தட்சணையை மட்டும் திருப்பித் தருவதில்லை.

இவ்வளவு அறிவோடு செய்த பொறியை நம்மவர் என்ன செய்கிறார்கள்? தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. வடக்கிலிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் அங்கே நெடுஞ்சரிவில் இறங்க வேண்டும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கு நிகழ்ந்த தொடர் மோதல்களை நாடே கண்டது. அவ்விரண்டும் அல்லாமல் ஆண்டுதோறும் நிகழ்வன பல. சரிவின் தொடக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு உருளவிடும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. காரணம், டீசல் மிச்சம். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் துணைசெய்யும். நியூட்ரலில் அந்தப் பிடி அறுந்துபோகிறது. பல டன் பாரமும் லைனிங்கின் மேலேயே விழுகிறது. லைனிங்கும் டிரம்மும் கொதிக்கின்றன. கொதித்த லைனிங் வழுக்குகிறது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. எஞ்சினையே அணைத்து இறங்குபவருக்கோ, செலவாகும் காற்றை ஈடுசெய்யும் கம்ப்ரஸரும் நின்றுவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இதைத்தான் மறுநாள் ஏடுகள், “பிரேக் பிடிக்காததால் விபத்து” என்று இரண்டு சொல்லில் எழுதி முடிக்கின்றன. ஊரார் அந்த இடத்தில் காவு கேட்கும் பேய் ஒன்று இருப்பதாகப் பேசிக்கொள்கின்றனர்.

பேய் இருக்கத்தான் செய்கிறது. அதன் பெயர் மைலேஜ். “இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர், மிஞ்சினால் உன் படியில் பிடிப்பேன், மிச்சப்படுத்தினால் உனக்குக் கொஞ்சம் தருவேன்” என்று பேசி அனுப்பும் கணக்குப் புத்தகத்தில் அது குடியிருக்கிறது. ஆகையால், நியூட்ரலில் இறங்கும் ஓட்டுநரை மட்டும் திட்டிவிட்டு ஓய்ந்துபோக நாம் விரும்பவில்லை. அவர் செய்வது தவறு. உயிரைக் குடிக்கும் தவறு. அந்தத் தவறை லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்குபவர் யார்? விபத்து நடந்ததும் காவல் நிலையத்தில் எழுதும் முதல் தகவல் அறிக்கையில் ஓட்டுநரின் பெயர் இருக்கும், உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். லைனிங் மாற்றப் பணம் மறுத்தவரின் பெயரும், இரண்டு இரவு உறங்காதவனை மூன்றாம் இரவும் ஏற்றி அனுப்பியவரின் பெயரும் அங்கே இரா. நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 இலேயே வரையறுத்தது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் கிளம்பி வடநாடு போய்த் திரும்பும் எந்த ஓட்டுநரையாவது கேட்டுப்பாருங்கள், எட்டு மணியில் இறங்கிப் படுத்தாரா என்று. எஞ்சினின் அனல் மேல் அமர்ந்து வெந்தவருக்கு, கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதியே 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் வண்டிகளுக்குத்தான் வந்தது. முதலாளியின் காருக்கு அது என்றோ வந்துவிட்டது.

“எல்லாம் தொழிலாளியின் கவனக்குறைவு” என்ற பல்லவி புதியதன்று. அமெரிக்க ரயில்களில் ஒரு காலத்தில் பெட்டிகளை இணைக்க, நகர்ந்து வரும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தொழிலாளி நின்று, வளையத்தைக் கையால் பிடித்து ஆணியைச் செருக வேண்டும். விரல் போகும், சில வேளை ஆளே போவான். விரல் குறைந்த கைதான் அனுபவசாலியின் அடையாளம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது பழகிப்போயிற்று. அப்போதும் கவனக்குறைவு என்றே பாடினார்கள். ஈலை ஜானி என்பவர் தாமே பூட்டிக்கொள்ளும் இணைப்பை 1873 இலேயே பதிவு செய்திருந்தார். லொரன்சோ காஃபின் என்ற தனி மனிதர் ஊர் ஊராய் அலைந்து, பேசி, எழுதி, ஆட்சியாளரை நச்சரித்தார். 1893 இல் சட்டம் வந்தது. பெட்டிகளின் நடுவே ஆள் புகத் தேவையில்லாமற் போன பிறகு, அதே ‘கவனக்குறைவான’ தொழிலாளிகளின் விரல்கள் அதிசயமாகக் கையிலேயே தங்கின!

இங்கே, 21 ஆம் நூற்றாண்டில், ஹரியானாவின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் பவர் பிரஸ் விரல்களைத் தின்கிறது. ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டு வருகிறது. இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினாலன்றி இறங்காத பிரஸ், கை குறுக்கே வந்தால் நின்றுவிடும் உணர்கருவி, இவையெல்லாம் உலகுக்குத் தெரிந்தவை. உற்பத்தி குறைகிறதென்று சில இடங்களில் அவற்றைப் பொருத்துவதில்லை. பொருத்திய இடங்களில் கழற்றி வைப்பதும் உண்டு. சுழலும் பொறிக்கு வேலியிட வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதை மாட்டி வைத்த சட்டகத்துக்கு அருகிலேயே மாலையிட்ட படமும் தொங்குகிறது. பிறருக்குப் பாதுகாப்பான வாகனம் செய்து தருபவன் தன் விரலை அங்கே விட்டுவிட்டு வீடு திரும்புகிறான்.

நம் தோழர்களில் கூரிய மதி படைத்த சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். “சாமியை நம்பாதே என்கிறீர், பொறியாளரை நம்பு என்கிறீர். ஒரு பூசாரிக்குப் பதில் இன்னொரு பூசாரியா?” நல்ல கேள்வி. பொறியாளரும் மனிதர், அவருக்கு மேலே முதலாளி இருக்கிறார், முதலாளிக்குள்ளே இலாபம் இருக்கிறது. 2014 ஜனவரியில், இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு ‘குளோபல் என்.சி.ஏ.பி.’ சோதித்தது. பெரியவர்களைக் காப்பதில் ஐந்தும் பெற்றவை பூச்சியம். உள்நாட்டாரும் அயல்நாட்டாருமாகப் பெரிய கம்பெனிகள் செய்த கார்கள்தாம் அவை. வாங்கியவர்களும் முதல் நாளே பூசை போட்டிருப்பார்கள். ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம் என்ற விதி 2019 ஜூலையில்தான் வந்தது. ஆகவே எந்தக் கம்பெனியின் விளம்பரத்தையும் வேதமாகக் கொள்ளச் சொல்லவில்லை. நாம் நம்பச் சொல்வது மோதிப் பார்த்த சோதனையை. முடிவை வெளியில் வைத்த சோதனையை. நாளை வேறொருவர் செய்து பார்த்துப் பொய்யென்று காட்ட இடம்கொடுக்கும் சோதனையை. எலுமிச்சம் பழத்தை எவராவது தடுப்பில் மோதிப் பார்த்ததுண்டா? பழம் வைத்த வண்டி நூறு, வைக்காத வண்டி நூறு என்று எண்ணிப் பார்க்க எந்த மடாதிபதியாவது முன்வருவாரா?

சோதித்துத் தேறியதை நம்பாமல் கெடுப்பதும் மூடநம்பிக்கையின் இன்னொரு முகமே. மூன்று முனை இருக்கைப் பட்டையை 1959 இல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் உருவாக்கினார். அதன் காப்புரிமையைப் பிற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள விட்டனர். பட்டையைப் போடாவிட்டால் நினைவூட்ட வண்டியில் மணி ஒலிக்கிறது. நம் நாட்டு மேதைகள் அந்த மணியின் வாயை அடைக்கப் போலிக் கொக்கி ஒன்றைச் செய்து கடைகளில் விற்றார்கள்! 2023 இல் ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணைய வணிக நிறுவனங்களை அந்தக் கொக்கிகளை நீக்கச் செய்ய வேண்டியதாயிற்று. பட்டையைப் பூட்டச் சோம்பல். கொக்கியைத் தேடி வாங்கச் சுறுசுறுப்பு. காற்றுப்பை வெடித்து விரிய வேண்டிய மூடியின் மேலேயே உலோகச் சாமி சிலையை ஒட்டி வைப்பவரும் உண்டு. பை விரிகிற வேகத்தில் அந்தச் சிலை அமர்ந்திருப்பவர் முகத்தின் மீதுதான் பாயும். காக்க வைத்த கடவுளே கல்லெறிகிற கதை!

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது. பணிமனைகளிலும் லாரி செட்டுகளிலும் அந்தக் கடமையைக் கொண்டு போகும் வேலை நம் இளைஞருடையது. அடுத்த ஆயுத பூசை நாளில் விடுமுறை எடுத்துக்கொண்டு வீட்டில் உறங்காமல், மெக்கானிக் தோழர் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் செட்டுக்குச் செல்லுங்கள். வண்டி எப்படியும் அன்று நின்றுகொண்டுதான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி லைனிங்கின் கனம் பாருங்கள். காற்றுத் தொட்டியின் அடியில் தேங்கிய நீரைத் திறந்து விடுங்கள். அந்த நீர்தான் வால்வுகளை அரிப்பது. எஞ்சினை அணைத்துவிட்டு அழுத்தமானி இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் கசிவு எங்கே என்று சோப்பு நீர் கொண்டு தேடுங்கள். எச்சரிக்கை ஒலி ஒலிக்கிறதா, அல்லது அதன் வயரை எவனாவது அறுத்து வைத்திருக்கிறானா என்று பாருங்கள். ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடித்து வைக்கும் போல்ட்டைத் திருகிவிட்டு, காற்றில்லாமலே வண்டியை ஓட்டச் சொல்லும் முதலாளி உண்டானால், அந்தப் போல்ட்டை ஓட்டுநருக்கு அடையாளம் காட்டுங்கள். கிளீனர்ப் பையனுக்கும் காட்டுங்கள். அவன்தான் நாளைய ஓட்டுநர். அவனுக்கு இதுவரை கற்றுக்கொடுக்கப்பட்டது கற்பூரம் ஏற்றுவது ஒன்றே.

கண்டதை ஒரு தாளில் எழுதுங்கள். லைனிங் இவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்ன குழாய் கசிகிறது, இன்ன டயர் மொட்டை என்று வண்டி எண்ணோடு எழுதி, தேதி போட்டு, முதலாளியிடம் கொடுத்துக் கையொப்பம் கேளுங்கள். “பார்த்தேன், சரிசெய்யாமல் இந்த வண்டியைச் சாலைக்கு அனுப்புகிறேன்” என்று ஒரு வரி. அதில் கையொப்பமிட அவர் தயங்கினால், அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு என்று சங்கம் அங்கேயே அறிவிக்கட்டும். அப்படி மறுத்தவரின் ஒரு நாள் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும். உங்கள் ஊர் பூசைக்கு வசூலித்த நன்கொடைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை லாரிக்கு லைனிங் மாற்றியிருக்கலாம் என்ற கணக்கும் அதிலேயே கிடைக்கும்.